பங்குக்கு நான் போட்ட கால்

எழுத்துப் பிழையைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. மலாக்கா டவுனில் தமிழ்ப் பள்ளி ஆசிரியையாக இருந்த நாளில், மளிகைக் கடைப் பலகையில் ‘சர்க்கரை’க்கு ஓர் எழுத்து குறைந்திருந்தால், கடைக்காரரிடம் சாக்பீஸ் வாங்கித் திருத்திவிட்டுத்தான் சர்க்கரை வாங்குவேன். ஒரு வீட்டில் கொடுத்த கல்யாணப் பத்திரிகையை அங்கேயே திருத்தி அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். அந்தக் கல்யாணப் பந்தியில் என்னை யாரும் வா என்று கூப்பிடவில்லை. அதையும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தப் பெருமை ஒரு பெண்ணின் வீட்டைத் தின்றுவிட்டது. இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். காஜா பேராங்கில், கம்போங் செட்டிக்குப் பக்கத்தில், ஒரு பலகை வீட்டின் பாதியை நான் வாடகைக்கு எடுத்திருந்தேன். என் சம்பளத்தில் அம்மாவும் இரண்டு தம்பிமாரும் சாப்பிட்டார்கள். வீட்டுக்குப் பின்னால் ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், நிலம். அதில் ஓலை வேய்ந்த ஏழெட்டு அத்தாப்பு வீடுகள். அவற்றில் ஒன்றில் வந்து குடியேறியவள்தான் நான் சொல்லப்போகும் அக்கா.

அக்கா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள். வெள்ளைக்காரன் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுவிட்டுக் கப்பலேறினான். துண்டுகளை வாங்கியவர்களுக்கு மரம் வேண்டும், ஆள் வேண்டாம். தோட்டத்துக் கூலி வீடான லயத்தைக் காலி செய்யச் சொல்லி, கையில் கொஞ்சம் நஷ்டஈட்டைத் திணித்து அனுப்பிவிட்டார்கள். புருஷன் ஊருக்குப் போகிறேன் என்று கப்பலேறியவன், ஒரு கடுதாசிகூடப் போடவில்லை. பிள்ளை குட்டி இல்லை. அக்கா டவுனுக்கு வந்து நாலு வீட்டில் மசாலா அரைத்தாள், துணி துவைத்தாள். அவளுடைய ஆசை ஒன்றே ஒன்று. அவள் குடியிருந்த அந்த அத்தாப்பு வீட்டின் அடிமனையை விலைக்கு வாங்க வேண்டும்.

“லயத்துல பொறந்தேன், லயத்துலயே வயசுக்கு வந்தேன், லயத்துலயே வாழ்ந்தேன் டீச்சரம்மா. தோட்டத்து ஆபீசு கிராணி வெளிய போன்னா போயிடணும். சாகறப்பவாச்சும் என்னைய போன்னு சொல்ல ஒருத்தன் இருக்கக்கூடாது” என்பாள்.

தவுக்கே நல்ல மனுஷன். மனையை அவளுக்கே தருவதாகச் சொல்லியிருந்தார். முழுப் பணத்தையும் சீனப் புத்தாண்டுக்குள் கட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். அதுவரைக்கும் பணத்தை எங்கே வைப்பது? அத்தாப்பு வீட்டில் கரையான் இருந்தது, திருடன் இருந்தான். பெரிய பேங்குக்குள் நுழைய அக்காவுக்குக் காலில் செருப்பு இல்லை, வாயில் இங்கிலீஷ் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் சனங்களிடம் பணம் பிடிக்கிற ஒரு கம்பெனிக்காரர் வந்தார். பண்டார் ஹிலிரில் ஒரு கோப்பிக்கடைக்கு மேல்மாடியில் அவர்களுடைய ஆபீஸ். எங்கள் சனங்கள் அதற்கு ‘மாடி பேங்கு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் நெற்றியில் விபூதி, வெள்ளைச் சட்டை, சைக்கிள். வெள்ளிக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றுகொண்டு, அக்கா என்பார், தங்கச்சி என்பார், மாமா என்பார். பத்து நிமிஷத்தில் எல்லாருக்கும் சொந்தக்காரர் ஆகிவிடுவார். “நம்ம சனம் செருப்பில்லாம ஏறி வரலாம். நம்ம பாஷையில புக்கு. எப்ப வேணும்னாலும் எடுத்துக்கலாம்” என்றார். இங்கிலீஷ்காரன் பேங்கு கொடுக்காத வட்டியைத் தருவதாகவும் சொன்னார்.

அந்தப் புத்தகத்தை முதலில் என்னிடம்தான் கொண்டுவந்து காட்டினார்கள். டீச்சர் பார்த்துச் சொன்னால் சரி என்று ஒரு நம்பிக்கை. பச்சை அட்டை. அட்டையிலும் முதல் பக்கத்திலும் தமிழ் அச்சு. உள்ளே மீதியெல்லாம் பொடிப்பொடியாக இங்கிலீஷ். எனக்கு இங்கிலீஷ் அரைகுறை. அதனால் உள்ளே இருந்ததை நான் பார்க்கவேயில்லை. அட்டையைப் பார்த்தேன். ‘பங்குப் புத்தகம்’ என்று இருந்தது.

சிரிப்பு வந்துவிட்டது. பேங்கைப் பத்திரிகைகளில் ‘பாங்கு’ என்றுதான் அப்போது எழுதுவார்கள். பாங்கு என்பதற்குப் பதில் பங்கு! ஒரு துணைக்கால் போச்சு. அச்சுக்கூடத்துத் தமிழ் என்று தலையில் அடித்துக்கொண்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை கம்பெனிக்காரரைக் கோயில் வாசலிலேயே பிடித்தேன்.

“என்ன தம்பி, பாங்குக்குக் கால் உடைஞ்சு கெடக்கு?”

அவர் ஒரு விநாடி புத்தகத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். “டீச்சர் கண்ணுக்கு எதுவும் தப்பாதுன்னு சொன்னாங்க, சரியாத்தான் சொல்லியிருக்காங்க. அச்சுக்கூடத்துல கால் எழுத்து தீந்துபோச்சாம். உங்க கையால நீங்களே திருத்திக் குடுத்துடுங்களேன். புண்ணியமாப் போகும்.”

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றைக்குச் சாயங்காலமே கறுப்பு மையும் மெல்லிய நிப்பும் எடுத்து உட்கார்ந்தேன். சிவப்பு மையில் போட்டிருந்தாலாவது பள்ளிக்கூடத் திருத்தம் என்று யாருக்கும் தெரிந்திருக்கும். எனக்கோ அச்சோடு அச்சாக இழைய வேண்டும் என்று ஆசை. ப-வுக்கு அடுத்து அளவு பார்த்து, ஒரு கால். அட்டையில் ஒன்று, உள்ளே ஒன்று. அதன் பிறகு புதிதாகப் பணம் கட்டிய ஒவ்வொருவரும் புத்தகத்தை என்னிடம் கொண்டுவந்து, “காலு போட்டுக் குடுங்க டீச்சர்” என்று கேட்க ஆரம்பித்தார்கள். கால் போடாத புத்தகம் செல்லாது என்றே சிலர் நினைத்தார்கள். நாற்பத்து மூன்று புத்தகங்கள், என்னுடையதையும், மனைக்கென்று சேர்த்த பணத்தை அக்கா கட்டிய அவள் புத்தகத்தையும் சேர்த்து. அக்கா முழங்காலைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, நான் போடுவதை வேடிக்கை பார்ப்பாள். மை காய அவள்தான் ஊதிவிடுவாள்.

எங்கள் தெருவில் கம்பெனிக்காரரின் வலையில் விழாதவர் ஒரே ஒருவர். கம்போங் செட்டிக்காரர், பல தலைமுறைக்கு முன்னே வந்து மலாய் பாஷைக்கு மாறிப்போன செட்டிகளில் ஒருவர், வக்கீல் ஆபீசில் டைப் அடிப்பவர். நான் அவரை ஆபாங், அண்ணன், என்று கூப்பிடுவேன், அவர் என்னைச் சிக்கு, டீச்சர், என்பார். அவருக்குத் தமிழ் வராது. வீட்டில் பேசுவது மலாய். கோயிலில் எங்களைவிடப் பக்தியாக நிற்பார், ஆனால் தேவாரத்தில் ஒரு வரி தெரியாது. கம்பெனிக்காரர் அவரிடம் புத்தகத்தை நீட்டியபோது, அவர் தமிழ் அட்டையைத் தள்ளிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“இனி சிம்பான் கா, சாஹாம் கா?”

இது சிம்பானா, சாஹாமா என்று. சிம்பான் என்றால் சேமித்து வைப்பது, அது எல்லாருக்கும் தெரியும். கம்பெனிக்காரர், “சாமா சாஜா,” இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆபாங் என் வீட்டு வாசலில் வந்து நின்று தலையை ஆட்டினார். சாஹாம் என்றால் என்ன என்று கேட்டேன். “கொங்சி மாச்சாம்” என்றார். கொங்சி என்றால் கூட்டு வியாபாரம். வியாபாரத்தில் பங்கு போடுகிற மாதிரி என்று அவர் சொன்னார். பங்கு என்ற அர்த்தத்தை அவர் எனக்குத் தட்டில் வைத்துக் கொடுத்தார். நான் என்ன செய்தேன்? சிரித்தேன். அவர் போன பிறகு அக்காவிடம், “சாமி மட்டும் தமிழ்ச் சாமி, அட்டையில இருக்கிற தமிழைப் படிக்கத் தெரியல. நமக்குப் புத்தி சொல்ல வந்துட்டாரு” என்று சொல்லிச் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. “அவரு கேட்டதுக்கு அந்தத் தம்பி பதிலே சொல்லலியே டீச்சரம்மா” என்றாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். நான் கால் போட்டதே ஆழம் தெரியாமல்தான்.

சீனப் புத்தாண்டுக்கு மூன்று மாதம் இருக்கும்போது, அக்கா மனைக்குக் கட்டப் பணம் எடுக்க மாடி பேங்குக்குப் போனாள். கதவில் பூட்டு. மறுநாள் நானும் கூடப் போனேன். படிக்கட்டு முழுக்க எங்கள் சனங்கள். கீழே கோப்பிக்கடைக்காரர் கையை விரித்து, அவர்கள் ஓடிப்போய் நாலு நாள் ஆகிறது, எனக்கே இரண்டு மாத வாடகை பாக்கி என்றார். ஒரு கிழவர் பூட்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருந்தார். அக்கா அழவில்லை. படியில் உட்கார்ந்து, முந்தானையில் முடிந்து வைத்திருந்த பச்சைப் புத்தகத்தை எடுத்து என்னிடம் கொடுத்து, “படிங்க டீச்சரம்மா, எப்ப வேணும்னாலும் எடுத்துக்கலாம்னு எங்க எழுதியிருக்குன்னு படிங்க” என்றாள். எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

அன்று சாயங்காலம் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஆபாங்கிடம் போனேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உள்ளே இருந்த பொடி எழுத்தைக் கடைசி வரைக்கும் படித்தார். பிறகு மலாயில் மெதுவாகச் சொன்னார். இது சேமிப்புக் கணக்கு இல்லை சிக்கு. இவர்கள் எல்லாரும் அந்தக் கம்பெனியின் பங்கை வாங்கியிருக்கிறார்கள். கம்பெனி முழுகினால் கடன் கொடுத்தவர்களுக்குப் போக மிச்சம் இருந்தால்தான் பங்குக்காரர்களுக்கு. மிச்சம் ஒன்றும் இருக்காது.

“அப்படியென்றால் தமிழில் என்ன போட்டிருக்கிறது?” என்று அவர் கேட்டார்.

நான் அட்டையைப் பார்த்தேன். பாங்குப் புத்தகம். என் கால் அச்சோடு அச்சாக, அழகாக, நேராக நின்றது. அச்சுக்கூடத்தில் எழுத்து தீரவில்லை. பிழையே இல்லை. அவன் சரியாகத்தான் அடித்திருந்தான். எங்களைச் சரியாக எடைபோட்டு அடித்திருந்தான். நாங்கள் பாங்கு என்று படித்துக்கொள்வோம் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. படித்ததோடு நில்லாமல் திருத்தவும் ஓர் ஆள் கிடைப்பாள் என்று மட்டும் நினைத்திருக்க மாட்டான். அவன் ஏமாற்றியதற்கு இருந்த ஒரே சாட்சியை நான் மை தொட்டு அழித்திருந்தேன்.

“பேங்கு என்றுதான் இருக்கிறது” என்றேன் ஆபாங்கிடம். பொய் இல்லை. அப்படித்தான் இருந்தது. தமிழ் தெரியாத அந்த மனுஷனை அன்று நான் இரண்டாம் தடவை அவமதித்தேன்.

வீட்டுக்கு வந்து என் புத்தகத்தை எடுத்துச் சவர பிளேடால் அந்தக் காலைச் சுரண்டிப் பார்த்தேன். அட்டை கிழிந்துவிட்டது.

அப்புறம் மனு போட ஆரம்பித்தோம். நான் தமிழில் எழுதி மலாயில் சொல்வேன், ஆபாங் அதை இங்கிலீஷில் ஆக்கி, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வக்கீல் ஆபீஸ் டைப்ரைட்டரில் அடிப்பார். எங்கள் பணம் வேண்டும் என்று மட்டும் கேட்கவில்லை. அது ஆபாங்கின் புத்தி. பணம் மட்டும் கேட்டால் பிச்சைக்காரர்கள் என்பார்கள் சிக்கு, சட்டம் கேட்போம் என்றார். சர்க்கார் உத்தரவு இல்லாமல் யாரும் சனங்களிடம் பணம் திரட்டக் கூடாது. அப்படித் திரட்டுகிறவன் கணக்கைச் சர்க்கார் ஆள் வந்து பார்க்க வேண்டும். பணம் போடுகிறவனுக்குத் தெரிந்த பாஷையில், இது சேமிப்பு, இது பங்கு, பங்கு என்றால் பணம் போனாலும் போகும் என்று பெரிய எழுத்தில் போட வேண்டும். முக்கியமான ஒன்றை மட்டும் நான் எழுதவில்லை. பங்கும் பாங்கும் ஒரு கால் வித்தியாசம், அதை வைத்துத்தான் ஏமாற்றினான் என்பதை. அதை எழுதினால் புத்தகத்தைக் காட்டு என்பார்கள்.

போலீசுக்குப் போனோம். இது சிவில் கேஸ் என்றார்கள். கம்பெனிகளைப் பதிகிற ஆபீசுக்கு எழுதினோம். பதிவு ஒழுங்காக இருக்கிறது, அதற்கு மேல் எங்களுக்கு வேலை இல்லை என்று பதில் வந்தது. விடிகாலை பஸ் ஏறி கோலாலம்பூருக்குப் போனோம், நானும் அக்காவும் ஆபாங்கும். ஒரு ஆபீசில் இன்னொரு ஆபீசைக் காட்டினார்கள். அந்த இன்னொரு ஆபீசில், மலாக்காக்காரர்கள் மலாக்காவில்தான் கொடுக்க வேண்டும் என்றார்கள். ஒரு கிராணி, “கையெழுத்துப் போடறதுக்கு முந்தி படிச்சுப் பாக்க வேண்டாமா?” என்று எரிந்து விழுந்தார். படித்தோம் ஐயா, படித்ததுதான் வினை என்று எனக்கு வாய்வரை வந்தது. திரும்புகிற பஸ்ஸில் அக்கா ஜன்னல் கம்பியில் தலை சாய்த்து, “இந்தத் தரம் கெடச்சிரும் இல்ல?” என்று கேட்டாள். கிடைத்துவிடும் என்றேன். ஒவ்வொரு தரமும் கேட்டாள். ஒவ்வொரு தரமும் அதையே சொன்னேன். தவுக்கே ஒரு மாதம் தவணை தள்ளிக் கொடுத்தார். பிறகு இன்னொரு மாதம். அதற்கு மேல் எனக்கும் கடன் இருக்கிறது என்றார்.

கடைசியில் ஒரு கடுதாசி வந்தது. கம்பெனியின் கணக்கை முடித்துப் பைசல் செய்ய ஓர் அதிகாரியைப் போட்டிருக்கிறார்கள். அவர் பண்டார் ஹிலிர் சிவப்புக் கட்டடத்தில் எங்களை விசாரிப்பார். எல்லாப் புத்தகங்களையும் கொண்டு வர வேண்டும்.

நாற்பத்திரண்டு புத்தகங்களைத் துணியில் கட்டி எடுத்துப் போனேன். கிழிந்த என் புத்தகம் கைப்பைக்குள் இருந்தது. அதிகாரிக்குத் தமிழ் தெரியாது, தெரியாத எழுத்தில் கால் இருந்தால் என்ன, கை இருந்தால் என்ன என்று வழிநெடுக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதிகாரி இளவயது. வெள்ளைக்காரன் எழுந்த நாற்காலியில் புதிதாக உட்கார்ந்தவர். மற்றவர்களைப் போல எரிந்து விழவில்லை. ஆபாங் அடித்த மனுவை வரி வரியாகப் படித்திருந்தார். இப்படி ஒரு சட்டம் வேண்டியதுதான், நான் மேலே எழுதுகிறேன் என்றார். அதற்குமேல் அவர் சொன்னதை ஆபாங் என் பக்கம் குனிந்து மலாயில் சொன்னார். சேமிப்பு என்று சொல்லித்தான் பணம் வாங்கினார்கள் என்று நிரூபித்தால், எங்களைப் பங்குக்காரர்களாக வைக்காமல், கடன் கொடுத்தவர்களோடு சேர்த்துப் பணம் கொடுக்க அவர் சிபாரிசு செய்வாராம். அக்காவிடம் சொன்னேன். அவள் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தனை மாதத்தில் அன்றைக்குத்தான் அவள் கண்ணில் தண்ணீர் பார்த்தேன்.

அப்போது அதிகாரி புத்தகக் கட்டைப் பக்கத்திலிருந்த மொழிபெயர்ப்பாளரிடம் தள்ளினார். தமிழர், ஐம்பது வயசு, மூக்குக் கண்ணாடி. முதல் புத்தகத்தை எடுத்தார். வைத்தார். இரண்டாவதை எடுத்தார். மூன்றாவதைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டு போனார். எனக்குத் தெரிந்துவிட்டது. அவரும் என் ஜாதி, பிழை பார்க்கிற ஜாதி. ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு அட்டையைத் தேய்த்தார். கால் அவர் விரலோடு வந்துவிட்டது. அட்டையில் பங்கு மட்டும் நின்றது.

அவர் இங்கிலீஷில் நாலு வார்த்தை சொன்னார். அதிகாரியின் முகம் மாறியது. பேனாவை மூடிவைத்தார். மொழிபெயர்ப்பாளர் எங்கள் பக்கம் திரும்பினார்.

“பங்கைப் பாங்குன்னு திருத்தி வெச்சிருக்கீங்க. எல்லாப் புக்குலயும். கம்பெனி விழுந்ததுக்கு அப்புறம் பணத்தைப் பிடுங்கறதுக்காகப் பண்ணின கள்ளத்தனம் இது. சட்டம் கேட்டு வந்தவங்களே பத்திரத்தைத் திருத்தினா எப்படி? யார் பண்ணினது?”

கம்பெனி விழுவதற்கு முன்னாலேயே போட்டது ஐயா, பிழை என்று நினைத்துப் போட்டது ஐயா என்று சொல்ல வேண்டியதுதான். இரண்டே வரி. ஆனால் வேலை கண்ணில் தெரிந்தது. அம்மா தெரிந்தாள். ஆசிரியை கைது என்று பத்திரிகையில் வருவது தெரிந்தது. ஆபாங் என்னைப் பார்த்தார். அவர் தமிழ் தெரியாத மனுஷன்தான், ஆனால் என் முகத்தைப் படிக்க அவருக்குத் தமிழ் தேவைப்படவில்லை.

“நாந்தான் போட்டேன்” என்றாள் அக்கா.

மொழிபெயர்ப்பாளர் சிரித்துவிட்டார். “நீயா? மனுவுல கைநாட்டு வெச்சிருக்கே. எழுதத் தெரியுமா ஒனக்கு?”

“இது ஒண்ணு தெரியும்.”

“எல்லாப் புக்குலயுமா?”

“எல்லாத்துலயும் நாந்தான். அவங்க யாருக்கும் தெரியாது. தாள் குடுங்க, போட்டுக் காட்டறேன்.”

தாளும் பேனாவும் கொடுத்தார். அக்கா பால்வெட்டுக் கத்தியைப் பிடிக்கிற மாதிரி பேனாவை முழுக்கையால் பிடித்துக் குனிந்தாள். ஒரு கால் போட்டாள். மேலே வளைந்து கீழே நேராக இறங்கிய கால். இத்தனை நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து அவள் வேடிக்கை பார்த்தது வீண் போகவில்லை. போட்டுவிட்டு, வழக்கம்போல அதை ஊதிக் காயவைத்தாள். மொழிபெயர்ப்பாளர் தாளைத் திருப்பி அதிகாரிக்குக் காட்டினார். அதிகாரி எழுதிக்கொண்டார். நான் அப்போதும் பேசவில்லை.

வெளியே படிக்கட்டில் அக்காவின் தோளைப் பிடித்துக் குலுக்கினேன். “ஏன்க்கா சொன்னீங்க? ஏன் சொன்னீங்க?”

அவள் கோபப்படவில்லை. களைத்துப்போயிருந்தாள். “நீங்க உள்ள போயிட்டா மனு எழுத யாரு இருக்கா? அந்தச் செட்டி அண்ணனுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தக் கால் மட்டுந்தான் தெரியும். மத்தவங்க பணமாச்சும் வரட்டும். நீங்க நிறுத்தாம எழுதுங்க டீச்சரம்மா.”

போலீசு அக்காவை இரண்டு தடவை கூப்பிட்டு விசாரித்து, எச்சரித்து அனுப்பிவிட்டது. அவள் பணம் அவளுக்கு இல்லை என்று ஆகிவிட்டது. தவுக்கே மனையை வேறு ஆளுக்கு விற்றார். வாங்கியவன் ஆள் வைத்து அத்தாப்பைப் பிரித்த அன்று, அக்கா ஒரு தகரப்பெட்டியோடு ஜொகூர் பக்கம் ஏதோ தோட்டத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று பஸ் ஏறினாள். திரும்பவும் ஒரு லயத்துக்கு. நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். சொல்லிக்கொள்ளக்கூட வரவில்லை என்று அன்று எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. என் வெட்கக்கேட்டை என்ன சொல்ல?

நிறுத்தாமல் எழுதினேன். அடுத்த மனுவை ஆபாங்கும் நானும் பத்து நாள் எழுதினோம். பங்கு, பாங்கு என்ற சூழ்ச்சியை இந்தத் தடவை முழுசாக எழுதினேன். பிறகு, மற்றவர்களுடைய புத்தகங்களை ஒதுக்கித் தள்ளாமல் இருக்க வேண்டும் என்பதற்காக, இப்படி ஒரு வரி சேர்த்தேன்: ‘எழுத்தறிவு இல்லாத ஒரு பெண், புத்தகத்துக்கு உரியவர்கள் அறியாமல், தானாகவே செய்த திருத்தம் இது.’ ஆபாங் டைப் அடிப்பதை நிறுத்தி, “பெத்துல் கா, சிக்கு?” என்று கேட்டார். உண்மையா என்று. ஆமாம் என்றேன். அவர் மறுபடி கேட்கவில்லை. அடித்தார். அதற்குப் பிறகு ஒரே தெருவில் இருந்தும் அவர் என்னோடு அதிகம் பேசவில்லை.

அந்த மனு எடுபட்டது. பணம் திரட்டுகிறவர்கள்மேல் பிற்பாடு சட்டம் இறுகியது. எங்கள் மனுவும் அதற்கு ஒரு காரணமா என்று எனக்குத் தெரியாது, கேட்டுப் பார்க்க முகமும் இல்லை. ஆனால் எங்கள் சனங்களைக் கடன் கொடுத்தவர்களோடு சேர்த்துக்கொண்டார்கள். போட்டதில் பாதிகூட இல்லை, ஏதோ வந்தது. பூட்டை ஆட்டிய கிழவருக்கு வந்தது. கிழிந்த அட்டையோடு நான் கொடுத்த என் புத்தகத்துக்கும் வந்தது. ஒரே ஒரு பெயருக்கு எதிரே மட்டும் கோடு போட்டிருந்தது.

என் பணத்தை அக்காவுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று பள்ளி விடுமுறையில் ஜொகூருக்குப் போனேன். மூன்று தோட்டங்களில் லயம் லயமாக விசாரித்தேன். ஒரு தோட்டத்தில், அந்த மாதிரி ஒருத்தி இருந்தாள், இந்தத் தோட்டத்தையும் துண்டு போட்டபோது போய்விட்டாள் என்றார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. பணத்தைக் கவரில் போட்டு, அவளுடையது என்று அம்மாவிடம் சொல்லி அலமாரியில் வைத்தேன். மூன்றாவது மாதம் தம்பியின் பரீட்சைக் கட்டணத்துக்குக் கை கடித்தது. அதிலிருந்து எடுக்கவில்லை. நாலாவது மாதம் வீட்டு வாடகை முட்டிக்கொண்டது. அக்காவின் கவரைப் பிரித்து வாடகையைக் கட்டினேன்.